படகில் குடியிருக்க ஆசையா? முதலில் கட்டும் இடத்தைப் பாருங்கள்

படகையே வீடாக வைத்துக் குடியிருப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கரையில் பிறந்தவர்களும் கேட்கிறார்கள், கடலைத் திருவிழாவுக்கு மட்டும் பார்த்தவர்களும் கேட்கிறார்கள். எனக்கு இது பிடித்த விஷயம், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணை, நானும் தம்பியும் கடற்றொழில் செய்கிறோம். திருகோணமலையில், நாட்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பழைய பலநாள் படகு ஒன்று, 38 அடி, மலிவாக விலைக்கு வருகிறது. எஞ்சின் நல்லது என்கிறார்கள். உள்ளே அறை பிரித்து, முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்து கட்டி, குடும்பத்தோடு அதிலேயே இருக்கலாமா? – ம., கள்ளப்பாடு

பதில்: தம்பி, படகைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் எங்கே கட்டப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. அதுதான் முதல் கேள்வி. இங்கே தொழிலுக்குப் போகும் சின்ன வள்ளம் கரைக்கு வந்ததும் இழுத்து மேலே ஏற்றப்படும். குடியிருக்கும் படகு 365 நாளும் தண்ணீரில் கிடக்க வேண்டும், நீங்கள் நித்திரை கொள்ளும்போதும் கிடக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரை திறந்த கடல். சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கடல் குளம்போல இருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் உங்கள் சின்ன வள்ளங்களையே கரையிலுள்ள வாடிக் குடிலுக்குப் பின்னால் வரை இழுத்துவிடுகிறீர்கள், பல தொன் நிறையுள்ள 38 அடிப் படகை யார் இழுப்பது? 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது. அந்த இரவில் பிள்ளைகளோடு நங்கூரத்தை நம்பிக் கடலில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, களப்புக்குள் கொண்டுபோகலாமே என்பீர்கள். நந்திக்கடலும் நாயாறும் மண்திட்டால் அடைபட்டுக் கிடந்து மாரி வெள்ளத்தில் வாய் திறப்பவை, வட்டுவாகலில் முகத்துவாரத்தை வெட்டிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பலநாள் படகு தண்ணீருக்குள் ஐந்தாறு அடி அமிழ்ந்து நிற்கும். அந்த வாயால் அது உள்ளே வராது, வந்தாலும் உள்ளே பெரும்பாலான இடங்களில் தரை தட்டும். கொக்கிளாய் 1951 முதல் பறவைகள் சரணாலயம், சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அங்கெல்லாம் குடியிருப்பதற்கு ஒரு கலத்தைக் கொண்டுபோய்க் கட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது.

ஆகவே இந்தப் படகை வாங்குவதென்றால் அது திருகோணமலையிலேயே இருக்க வேண்டிய படகு. உள்துறைமுகம் எந்தக் காற்றுக்கும் மறைவானது, ஆழமும் இருக்கிறது, கொட்பேயில் மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது. ஆனால் குடியிருப்பதற்கென்று இடம் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

இனிப் படகுக்கு வருவோம். பலநாள் படகு வயிற்றில் ஐஸ், மீன், டீசல், தண்ணீர் என்று தொன் கணக்கில் பாரம் ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. நீங்கள் ஐஸ் அறையைக் காலிசெய்து படுக்கையறை ஆக்கினால் கீழே இருந்த பாரம் போய்விடும். அப்புறம் மேல்தட்டில் குசினியும் கூரையும் கட்டுவீர்கள், பாரம் மேலே ஏறிவிடும். அப்படிப்பட்ட படகு ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிரத் தயங்கும். கழற்றிய பாரத்துக்கு ஈடாக அடியில் இரும்போ சீமெந்துக் கட்டையோ வைத்து, அது நகராதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். எவ்வளவு, எங்கே என்பதைக் கணக்குத் தெரிந்த படகு கட்டுநர் ஒருவர் சொல்ல வேண்டும், கண்மட்டத்தில் செய்கிற வேலையில்லை.

இன்னொன்று, ஐஸ் அறைச் சுவர் இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே ஃபோம் அடைத்தது. பழைய படகில் எங்காவது வெடித்து மீன்தண்ணீர் அந்த ஃபோமுக்குள் இறங்கியிருக்கும். கழுவினாலும் பெயின்ட் அடித்தாலும் அந்த நாற்றம் போகாது, வெட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்று நினைத்த படகு மலிவாக இருக்காது. என் எண்ணத்தைக் கேட்டால், உங்களுக்குக் கரையில் ஒரு சின்ன வீடும் கடலில் ஒரு நல்ல வள்ளமும்தான் பொருத்தம். ஆசையில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் என் மகளும் மருமகனும் வீட்டு வாடகை கட்ட முடியாமல் கால்வாயில் மிதக்கும் இரும்புப் படகு ஒன்றை வாங்கிக் குடிபோகப் போகிறார்களாம். எனக்கு இரவில் நித்திரை இல்லை. தாழ்ந்துவிடாதா? – ஒரு தாய், முள்ளியவளை

பதில்: அம்மா, முதலில் மனதை ஆறுதல்படுத்துங்கள். அந்த நாட்டுக் கால்வாய்கள் நம் ஊர்க் கடல் மாதிரி இல்லை. அலை கிடையாது, பெரும்பாலான இடங்களில் ஆளின் இடுப்பு மட்டம், நெஞ்சு மட்டம் தண்ணீர்தான். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிக் குடியிருக்கிறார்கள். தாழ்வதைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. அவற்றை மகளிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் படகுகளின் அகலம் 6 அடி 10 அங்குலம். பல கால்வாய்களின் மடைக்கதவு ஏழு அடி அகலத்துக்குத்தான் கட்டப்பட்டது என்பதால் அந்த அளவு. உள்ளே நடக்க ஆறடி அகலம் கிடைக்கும், நம் ஊர் விறாந்தையைவிட ஒடுக்கம். இன்னும் அகலமான படகுகளும் விற்கிறார்கள், வீடு மாதிரி வசதியாக இருக்கும், ஆனால் ஒடுங்கிய கால்வாய்களுக்குள் அவை போகவே முடியாது. நீளம் 57 அடிக்குள் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கால்வாய்க்கும் போகலாம். நிரந்தரமாகக் கட்ட ஓர் இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். லண்டனில் அது கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அந்த இடம் இல்லாதவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், நாளைக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் என்று வரும்போது இரண்டு கிழமைக்கொரு தடவை வீட்டை நகர்த்துவது எவ்வளவு அலைச்சல் என்பதை இப்போதே பேசிக்கொள்ளட்டும். படகை வாங்கியபின் பேசினால் சண்டையில் முடியும்.

இரும்பு என்பதால் துரு. அடித்தகடு புதிதில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர், பக்கத்தகடு 6. வாங்கும் முன் தண்ணீரிலிருந்து தூக்கி, ஒலி அலைக் கருவியால் தகட்டின் தடிப்பை அளக்க வேண்டும். 4 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் காப்புறுதி எடுப்பதே சிக்கலாகிவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி அடியில் துருவைத் தடுக்கும் கறுப்புப் பூச்சு பூச வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும்.

இனிதான் நான் பயப்படும் விஷயம். குளிருக்கு உள்ளே விறகோ கரியோ எரிக்கும் அடுப்பு வைப்பார்கள். புகைபோக்கி அடைபட்டால் காபன் மொனொக்சைட்டு உள்ளே தேங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, நித்திரையிலேயே உயிர் போய்விடும். அந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவி அந்த நாட்டில் 2019 ஏப்ரல் முதல் இத்தகைய படகுகளுக்குக் கட்டாயம். கருவி இருக்கிறதா, அதன் பற்றரி வேலை செய்கிறதா என்று நீங்கள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்பதோடு சேர்த்து இதையும் கேட்டால் போதும்.

கேள்வி: இரணைமடுக் குளத்தில் பீப்பாய் கட்டி மிதக்கும் வீடு போட்டால் என்ன? – ச., கிளிநொச்சி

பதில்: வேண்டாம். குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது, அந்தத் தண்ணீரில் வயல் விளைகிறது. மாரியில் வான் பாயும் அளவுக்கு நிறையும், கோடையில் நீர் உள்வாங்கிப் போகும்போது உங்கள் வீடு சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

கேள்வி: வணக்கம் அண்ணை. வெளிநாட்டிலிருந்து திரும்பிவிட்டேன், எனக்கும் மனைவிக்கும் பாய்க்கப்பல் ஒன்றில் வாழ்ந்து பார்க்க ஆசை. ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் படகா? எத்தனை அடி வேண்டும்? – ஜெ., விடத்தல்தீவு

பதில்: நீங்கள் இருக்கும் மன்னார்ப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது, கரையோரம் சேறும் கடற்புல்லும். ஒற்றை உடல் பாய்ப்படகுக்கு அடியில் ஏரா என்கிற பாரமான அடிக்கட்டை ஐந்து ஆறு அடி கீழே இறங்கும். இரண்டு ஒடுங்கிய உடல்களை நடுத்தட்டால் இணைத்த இரட்டை உடல் படகு மூன்று நான்கு அடியில் மிதக்கும், கரைக்கு இன்னும் கிட்டப் போகலாம். நங்கூரத்தில் கிடக்கும்போது அதிகம் உருளாது, தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போகலாம். நம் வெயிலுக்கு அதன் அகலமான மேல்தட்டில் பந்தல் மாதிரிக் கூடாரம் விரித்துக் காற்றில் படுக்கலாம். குடியிருக்கிற கண்ணால் பார்த்தால் வெப்ப நாட்டுக்கு அதுதான் சுகம்.

ஆனால் விலை நன்றாக ஏறும், எஞ்சினும் பெரும்பாலும் இரண்டு. அதைவிட முக்கியம், இரட்டை உடல் படகு பாரம் தாங்காது. மூழ்கிவிடும் என்று அர்த்தமில்லை, அமிழ்ந்து வேகம் கெட்டு, நடுத்தட்டின் அடியில் அலை வந்து மொத்தத் தொடங்கும். வீடு என்றால் சாமான் சேரும். அரிசி மூட்டை, தையல் மெஷின், புத்தகப் பெட்டி, மேலதிக நங்கூரம் என்று வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகும். ஒற்றை உடல் படகு இதை நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். கவிழ்ந்தால், உள்ளே தண்ணீர் நிரம்பாதவரை, ஏராவின் பாரத்தால் அது தானாக நிமிரும். இரட்டை உடல் கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். கவிழ்வது அரிது, ஆனால் பாய் விரிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு விரிக்க வேண்டும்.

இருவருக்கு 32 முதல் 36 அடி தாராளம். பெரிய படகு வாங்கினால் நிம்மதி என்று நினைக்கிறார்கள், ஆனால் நீளம் கூடும்போது அகலமும் நிறையும் சேர்ந்து கூடும், பாய், கயிறு, நங்கூரம், பெயின்ட் எல்லாவற்றின் செலவும் நீளத்தைவிட வேகமாக ஏறும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் மற்றவர் தனியாக அந்தப் படகைக் கட்டி அவிழ்க்க முடியுமா என்று பாருங்கள். உங்கள் மனைவி தனியாகச் சமாளிக்கக்கூடிய அளவுதான் உங்கள் அளவு.

காற்றையும் யோசியுங்கள். மன்னார்ப் பக்கம் சோளகத்தில் குழம்பும், முல்லைத்தீவுப் பக்கம் வாடையில் குழம்பும். வன்னிக் கரையில் வருடம் முழுக்க ஓரிடத்தில் நிம்மதியாகக் கிடக்கலாம் என்று சொல்லக்கூடிய ஆழமான மறைவிடம் கிடையாது. பருத்தித்துறையைச் சுற்றிக் கிழக்கே போய்வரலாம், தெற்கே ராமர் அணை ஆழம் இல்லாமல் தடுக்கும். ஆகவே பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற வாழ்க்கை என்று ஏற்றுக்கொண்டு, தண்ணீருக்குள் அதிகம் அமிழாத, கயிறு கையாள இலகுவான படகைத் தேடுங்கள். என் தேர்வு, பணம் இருந்தால் இரட்டை உடல், அளவாகச் சாமான். பணம் இறுக்கமென்றால் நல்ல பழைய ஒற்றை உடல் ஃபைபர் படகை வாங்கித் திருகோணமலையில் கட்டுங்கள்.

கேள்வி: எல்லாரும் ஃபைபர், இரும்பு என்கிறீர்கள். மரப்படகு கூடாதா? – ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், முழங்காவில்

பதில்: கூடாது என்று நான் எப்படிச் சொல்வேன்? வல்வெட்டித்துறையில் மரத்தால் கட்டிய அன்னபூரணி நம்மவர்கள் கையால் செலுத்தப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்தது. மரம் வெயிலில் இரும்பு மாதிரிக் கொதிக்காது, உள்ளே இருக்க இதமானது. கஷ்டம் என்னவென்றால் வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழு இருக்கிறது, வருடா வருடம் கரையேற்றி, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் கலப்பத்து வைக்க வேண்டும், அதைச் சரியாகச் செய்யும் கைகள் இப்போது குறைவு. நம் கடலில் வற்றுப் பெருக்கு இரண்டு மூன்று அடிக்குள்தான் என்பதால், ஐரோப்பாவில் செய்வதுபோல் வற்றில் தரை தட்டவிட்டு அடியைப் பார்த்துவிட்டுப் பெருக்கில் மிதக்கவும் விட முடியாது, ஒவ்வொரு முறையும் இழுத்தே ஆக வேண்டும். நம்பகமான தச்சர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஃபைபர்.

கேள்வி: கணவர் படகு படகு என்று நிற்கிறார். மலசலகூடம், தண்ணீர், கறண்ட், சமையல் எப்படி என்று கேட்டால் எல்லாம் சமாளிக்கலாம் என்கிறார். – ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. படகு பார்க்கப் போகும்போது அவரை எஞ்சினிடம் விட்டுவிட்டு நீங்கள் இதைப் பாருங்கள்.

தண்ணீர்: கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துப் பழகியவர்கள் நாம். படகில் ஒருவருக்கு நாளுக்கு 20 லீற்றர் என்று கணக்கு வைத்தாலே அது சிக்கனம். நாலு பேருக்கு 80. 400 லீற்றர்த் தாங்கி ஐந்து நாளில் முடியும், அதன் நிறை 400 கிலோ. எங்கே நிரப்புவீர்கள், யார் சுமப்பது என்று கேளுங்கள்.

மலசலகூடம்: தண்ணீரில் திறந்துவிடுவது நேரான வழி என்பார்கள், அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நந்திக்கடல் இறாலைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம், தொழில் நடக்கும் களப்பில் அதைச் செய்யவே கூடாது. கழிவுத் தாங்கி வைத்துக் கரையில் இறைக்கலாம், அதற்கு இறைக்கும் வசதி பக்கத்தில் வேண்டும். அல்லது சிறுநீரையும் மலத்தையும் பிரித்து, தும்புத்தூள் போட்டு உலரவைக்கும் வகை இருக்கிறது. தும்புத்தூள் நமக்குத் தட்டுப்பாடில்லை. நம் இடத்துக்கு இரண்டாவதுதான் தோது.

கறண்ட்: 400 வாற்று சோலார் தகடு நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிற் தரும். சின்னக் குளிர்சாதனப் பெட்டி, இரண்டு காற்றாடி, விளக்கு, தொலைபேசி, இவ்வளவுக்குப் போதும். மாரியில் மூடமாக இருக்கும் நாட்களில் அதில் பாதிகூட வராது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும், லிதியம் வகையில் எண்பது வீதம் வரை எடுக்கலாம், விலை கூட. மின் சமையல் பற்றி இந்த அளவு தகட்டில் யோசிக்க வேண்டாம்.

சமையல்: காஸ் காற்றைவிடப் பாரமானது. வீட்டில் கசிந்தால் கதவால் வெளியே போகும், படகில் கசிந்தால் அடியில் போய்க் குளம் கட்டி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். சிலிண்டர் மேல்தட்டில் தனிப் பெட்டியில், அடியில் துவாரம் வெளியே திறந்தபடி இருக்க வேண்டும். குசினிக்குள் சிலிண்டர் வைத்த படகை அப்படியே வாங்காதீர்கள், மாற்றிய பிறகுதான் குடிபோக வேண்டும்.

அப்புறம், காற்று வர மேலே திறக்கும் யன்னல் எத்தனை, அவற்றுக்கு நுளம்பு வலை உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: காசு கொடுக்கும் முன் கடைசியாக எதைப் பார்க்க வேண்டும்? – பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: படகைக் கரையேற்றி அடியைப் பாருங்கள், ஏற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். ஃபைபர் என்றால் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள், கணீர் என்ற சத்தம் ஓரிடத்தில் மங்கினால் உள்ளே தகடு பிரிந்திருக்கிறது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. படகின் வெளிப்பூச்சில் கொப்புளம் இருந்தால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். களப்புத் தண்ணீர் உவர் கலந்தது, அதில் கிடக்கும் படகுக்கு மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேயும் கட்டியை அலுமினியத்தில் போட வேண்டும். கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம். தேய்ந்த கட்டியோடு நெடுநாள் கிடந்த படகென்றால் சுழல்விசிறித் தண்டையும் சோதியுங்கள்.

எஞ்சினை நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் மழை நாளில் போய் ஓர் இரவு உள்ளே படுத்துப் பாருங்கள், எங்கே ஒழுகுகிறது என்று படகே காட்டும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் பராமரிப்புக்கு ஒதுக்க முடியாவிட்டால் அந்த விலைப் படகு உங்களுக்கு இல்லை.

பத்திரம் முக்கியம். மீன்பிடிப் படகாக இருந்தது என்றால் கடற்றொழில் திணைக்களத்தில் யார் பெயரில் பதிவு, எஞ்சின் இலக்கம் பதிவோடு ஒத்துப்போகிறதா, பழைய சொந்தக்காரருக்கு லீசிங் பாக்கி எதுவும் நிற்கிறதா என்று நேரில் போய் விசாரியுங்கள். தொழில் படகைக் குடியிருக்கும் படகாக மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டி வரும். அதற்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று அதே நாளில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.